உட்பட மேடம்

அந்த அம்மாளுக்கு உட்பட மேடம் என்று பெயர் வைத்தது நான் இல்லை. ஆனால் அந்தப் பெயர் எங்கள் தொழிலில் எல்லோர் வாயிலும் ஏறியதில் எனக்குப் பங்கு உண்டு. எனக்கு அது சொல்ல வசதியான பெயர். உயிரெழுத்தில் ஆரம்பித்தால் என் நாக்கு முரண்டு பிடிக்காது. மெல்லினமும் இடையினமும்கூட வழி விட்டுவிடும். க, த, ப மூன்றும்தான் ஜென்மப் பகை. ச வல்லினக் கூட்டத்தில் சேர்ந்தது என்றாலும் என்னிடம் கொஞ்சம் இரக்கம் காட்டும். எனக்குத் திக்குவாய். அந்தச் சொல்லே 'தி' என்று தொடங்குவதால் இதுவரை யாரிடமும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதும்போது பாருங்கள், எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

நான் ஜிப்சம் போர்டு சுவர் வேலை எடுத்துச் செய்பவன். செங்கல் கிடையாது, சிமெண்ட் கிடையாது. தகட்டுச் சட்டங்களை நிறுத்தி, நடுவில் பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் போர்டு அடித்து, இணைப்புகளில் டேப் ஒட்டி, பட்டி பார்த்துத் தேய்த்துவிட்டால் சுவர் தயார். பட்டி என்றால் வெள்ளையாக, குழைத்த மாவு மாதிரி இருக்கும். அதைத் தகட்டால் இழுத்துப் பூசி மட்டமாக்குவதைத்தான் பட்டி பார்ப்பது என்போம். போன வாரம் ஒரே ஹாலாகக் கிடந்த இடத்தில் இந்த வாரம் ஆறு அறை நிற்கும். 'பார்ட்டிஷன்' என்று ஒரே சொல்லில் இதைச் சொல்லிவிடலாம். என்னால்தான் சொல்ல முடியாது. யாராவது என்ன தொழில் என்று கேட்டால் 'சுவர் வேலை' என்பேன். கொத்தனார் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

உட்பட மேடத்தின் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் இடம். படம் போடுவது மற்றவர்கள். மேடம் எழுதுவது வேலை விவரம். ஒரு மாடியில் போர்டு சுவர் வேண்டும் என்றால் எங்களைப் போல நாலைந்து காண்ட்ராக்டர்களைக் கூப்பிட்டு விலை கேட்பார்கள். விலை சொல்ல வேண்டுமானால் என்ன வேலை என்று தெரிய வேண்டுமல்லவா? எது நம் தலையில், எது அடுத்தவன் தலையில், எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்துவது, இதையெல்லாம் வரி வரியாக எழுதி எங்கள் கையில் கொடுப்பது அவர். மற்ற அலுவலகங்களில் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார்கள். 'நல்ல தரத்தில் சுவர் அமைத்துத் தரவும்' என்று இருக்கும். நல்ல தரம் என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. சிலருக்கு அது எப்போதும் லீவில் இருக்கும்.

இவர் எழுதினால் பதினொரு பக்கம். வரிக்கு வரி 'உட்பட' என்று முடியும். திருகாணித் தலைகளை மூன்று முறை பட்டி பார்த்து மறைப்பது உட்பட. எலக்ட்ரீஷியன் இடம் மாற்றிப் போட்ட ஓட்டைகளை அடைப்பது உட்பட. வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கீழே இறக்கி அப்புறப்படுத்துவது உட்பட, படிக்கட்டைப் பெருக்குவது உட்பட. கடைசியில் 'நீங்கலாக' என்று ஒரு பத்தி. பெயிண்ட் நீங்கலாக, கதவு நீங்கலாக. அந்தப் பத்தியைப் படித்தால்தான் எங்களுக்கு மூச்சு வரும்.

எங்களில் பெரிய ஆள் ஒருவர் உண்டு. கட்டைக்குரல் என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர். அவர் பேசினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். "இந்தம்மாவை விட்டா நம்ம மூச்சு விடறதையும் உட்படன்னு எழுதிடும்யா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், சிரிக்கத் திக்காது என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பேன்.

ஆனால் வீட்டுக்குப் போய் அந்தப் பதினொரு பக்கத்தை இரண்டு முறை படிப்பேன். என் மனைவி, "என்னங்க, காதல் கடிதம் வந்திருக்கா?" என்று கேட்பாள். கிட்டத்தட்ட அப்படித்தான். அதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதிலிருந்தே ஒரு சொல் வராவிட்டால் பக்கத்தில் இருக்கும் வேறு சொல்லைப் பிடித்துக்கொண்டு கரையேறுகிறவன் நான். 'கதவு' வராது, 'வாசல்' என்பேன். 'படி' வராது, 'ஏணி' என்பேன். சொன்ன பிறகுதான் தெரியும், இரண்டும் ஒன்றில்லை என்று. ஒரு தரம் படியைக் கேட்டு ஏணி வந்து நின்றது. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் ஈடாகாது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது என்று இறுமாந்திருந்தேன். மேடத்தின் தாள்களைப் படித்த பிறகு, இந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கிறதே, எப்படி என்று அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருமுறை அவர் வீட்டிலேயே வேலை வந்தது. மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி வேலை முடித்து வந்து பகலில் தூங்க வேண்டும். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். லீவு நாளில் டிவியில் பந்தாட்டம் பார்த்துக் கூச்சல் போடாவிட்டால் அவருக்கு அது லீவே இல்லை. ஹாலைக் குறுக்கே தடுத்து மகளுக்கு அறை வேண்டும். ஒரே ஒரு சுவர். அதற்கும் ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தார்.

கணவர் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்க ஒரு சுவருக்கு அசந்து போறீங்களே, நான் இருபத்தாறு வருஷமா இதுக்குள்ள இருக்கேன். கல்யாணம் பேசறப்ப, வீட்டு வேலையெல்லாம் பாதிப் பாதின்னு நான் பெருமையாச் சொன்னேன். எந்தப் பாதின்னு கேட்டா பாருங்க!"

"அதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மேடம் சும்மா இருக்கிறவர் இல்லை. நான் போர்டு அடிக்க அடிக்க விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். சட்டத்தின் மேல் தட்டினால் ஒரு சத்தம், வெற்றிடத்தில் தட்டினால் ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டு சட்டம் எங்கே என்று கண்டுபிடித்துச் சிலேட்டுக் குச்சியால் குறி வைத்தார். நாலில் மூன்று சரி. "திருகாணி ஏன் காகிதத்தைக் கிழிச்சுக்கிட்டு உள்ளே போகக் கூடாது?" என்று கேட்டார். போர்டின் பலமே மேலே ஒட்டிய காகிதத்தில்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எனக்குக் கா-வும் வராது, பா-வும் வராது. மென்று விழுங்கி "மேலே உள்ளதுதான் வலு" என்றேன். அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ ஒரு வரியில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது என்று சந்தேகப்படுகிற பார்வை அது.

அன்று டீ குடிக்கும்போது அவரே தன் கதையைச் சொன்னார். இருபத்திரண்டு வயதில் அந்த அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருக்கிறார். பள்ளியில் பிழையில்லாமல் எழுதியதற்குப் பரிசு வாங்கியவர். இன்ஜினியர் கையால் எழுதிக் கொடுத்த வேலை விவரத்தில் 'இணைப்புகள் அனைத்தையும் பட்டி பார்த்துத் தரவும்' என்று இருந்ததாம். பாவம் இன்ஜினியர், அவசரத்தில் இரண்டு எழுத்தை விட்டுவிட்டார் என்று நினைத்து இவர் அழகாகத் திருத்தி, 'பட்டியல் பார்த்துத் தரவும்' என்று டைப் அடித்துவிட்டார். அந்தத் தாள்தான் எல்லோருக்கும் போனது, அதில்தான் கையெழுத்தும் ஆனது.

"காண்ட்ராக்டர் இருபத்தெட்டுச் சுவரையும் நிறுத்திட்டு, டேப்பும் திருகாணியும் பல்லை இளிச்சுக்கிட்டு இருக்கறப்பவே சாவியைக் கொண்டுவந்து குடுத்துட்டார். கேட்டா, 'பட்டியலைப் பார்த்தோம் சார், அதுல உள்ளதெல்லாம் தந்துட்டோம், பட்டியைப் பத்தி ஒரு வரி காட்டுங்க'ங்கறார். அவர் சொன்னது சரிதானே?"

"அப்புறம்?" என்றேன்.

"இன்ஜினியர் தலையில அடிச்சுக்கிட்டார். எனக்கு அழுகையா வந்தது. ஆனா அதைவிட, பட்டின்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு ஒரே குடைச்சல். மறுநாள் சாப்பாட்டு நேரத்துல சைட்டுக்குப் போயி, ஒரு உருண்டை எடுத்து மோந்து பார்த்தேன். நாக்குலயும் வச்சுப் பார்த்தேன்."

"நாக்குலயா?"

"சுண்ணாம்பு மாதிரி இருந்தது. நல்லா இல்லை."

அன்றிலிருந்து தெரியாத சொல் எதையும் பார்க்காமல் எழுதுவதில்லை என்று முடிவு செய்தாராம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் எழுதிய தாளில் ஓட்டை கண்டுபிடித்தவன் என்று தொழிலில் ஒருவன் கிடையாது. கட்டைக்குரலே இரண்டு முறை முயன்று தோற்றவர்.

போன வருடம் அந்த ஓட்டை என் கண்ணில் பட்டது.

ஒரு பழைய குடோனின் இரண்டாவது மாடி. அதை ஆறு அறைகளாகத் தடுத்துப் பேச்சுப் பயிற்சி நிலையம் வைக்கப் போகிறார்கள். பேச்சு வராத குழந்தைகள், பக்கவாதம் வந்து பேச்சு போனவர்கள், என்னை மாதிரி ஆட்கள், எல்லோருக்கும். விலை கொடுக்கப் போகிற ஐந்து காண்ட்ராக்டர்களும் ஒருநாள் காலை நேரில் வந்து இடத்தைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் கேட்க வேண்டும். வழக்கமாக இந்த மாதிரிக் கூட்டங்களில் எனக்குப் பதில் பேசுவது என் மச்சான். மனைவியின் தம்பி, வாயாடி, அந்த வாய்க்காகவே அவனைத் தொழிலில் சேர்த்தேன். அன்றைக்குப் பார்த்து அவனுக்குக் கண்வலி. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டான். தனியாகப் போனேன்.

நிலையத்தை நடத்தப் போகிற டாக்டரம்மாவும் வந்திருந்தார். வரைபடத்தை விரித்துக் காட்டினால் பார்க்கவில்லை. "எனக்கு இதெல்லாம் புரியாதுங்க. உள்ளே ஒருத்தர் பேசறது வெளியே உட்கார்ந்திருக்கறவங்களுக்குக் கேக்கக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்" என்றார். கட்டைக்குரல் உடனே, "ஜம்முனு பண்ணிடலாம் டாக்டர்" என்றார். அவருக்கு எல்லாமே ஜம்முதான்.

எனக்கு மட்டும் ஒரு பழைய பெஞ்சு நினைவுக்கு வந்தது. இருபத்து நாலு வயதில், கல்யாணத்துக்கு முன்னால், யாருக்கும் சொல்லாமல் இந்த மாதிரி ஓர் இடத்துக்குப் போயிருக்கிறேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். செய்தித்தாளைக் கொடுத்து, அவசரப்படாமல் சத்தமாகப் படியுங்கள் என்றார். அரைப் பக்கம் படித்தேன். வேர்த்துக் கொட்டியது, ஆனாலும் படித்தேன். சந்தோஷமாகத்தான் வெளியே வந்தேன். வெளியே பெஞ்சில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள். ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். ஓர் அம்மாள், நான் கேட்காமலே, நகர்ந்து இடம் விட்டு "உக்காருங்க தம்பி" என்றார். சிரித்தவரைக்கூட மன்னித்துவிட்டேன், அந்த அம்மாளின் பரிதாபத்தை இன்றுவரை தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால், நான் உட்கார்ந்திருந்த அறையின் சுவர், தொங்கவிட்ட அட்டைக் கூரையோடு நின்றுவிட்டிருந்தது. அதற்கு மேலே எல்லா அறைக்கும் ஒரே பொந்து. சத்தம் ஏறிக் குதித்து வெளியே வந்திருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் படியை நான் மிதிக்கவே இல்லை.

இப்போது மேடத்தின் தாளில், நாலாம் பக்கம், ஆறாவது வரியில், 'சுவர்கள் அனைத்தும் சீலிங் வரை' என்று இருந்தது.

எந்த சீலிங்? தலைக்கு மேலே பன்னிரண்டு அடியில் கான்கிரீட் தளம் தெரிந்தது. ஆனால் வரைபடத்தில் ஒன்பது அடியில் ஃபால்ஸ் சீலிங் என்கிற தொங்கும் அட்டைக் கூரை ஒன்று புதிதாக வந்திருந்தது. ஒன்பதில் நிறுத்தினால் மேலே மூன்றடி காலி. இந்த மாடியிலும் ஒருவன் அரைப் பக்கச் செய்தித்தாளோடு ஓடிப்போவான். உள்ளதைச் சொன்னால், இடம் சரியாக அமைந்தால் நானே ஒருநாள் உள்ளே வரலாம் என்று ஒரு நப்பாசை எனக்கு இருந்தது. நாற்பத்தேழு வயதில் என்ன வெட்கம். அந்த மூன்றடி மூடுமா மூடாதா என்பது எனக்கு வெறும் வேலை விவரம் இல்லை.

கட்டைக்குரலும் அதைப் பார்த்துவிட்டார். பெரிய ஆளாயிற்றே. என் காதருகே குனிந்து, "நாலாம் பக்கம் பார்த்தியா? மூச்சு விடாதே. ஒன்பது அடிக்கே விலை போடு. நாளைக்கு அவங்களே வந்து மேலே மூடுங்கன்னு கெஞ்சுவாங்க, அப்ப தனியாப் பார்த்துக்கலாம்" என்றார். அவர் ரகசியம் பேசினாலும் அரை மாடிக்குக் கேட்கும். மேடத்துக்குக் கேட்கவில்லை, அவர் ஜன்னலோரம் ஈரம் இருக்கிறதா என்று சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கெஞ்ச மாட்டார்கள். எனக்குத் தெரியும். சீலிங் மூடி, பெயிண்ட் அடித்து, நாற்காலி போட்ட பிறகு யார் பிரிக்கச் சொல்வார்கள்? சத்தம் வருகிறதே என்றால் வாசலில் ரேடியோ வைத்துவிடுவார்கள்.

"வேற ஏதாவது சந்தேகம்?" என்று மேடம் கேட்டார். அவர் நோட்டை மூடப் போனார். நான் கையைத் தூக்கினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் கையைத் தூக்கி அவர்கள் பார்த்ததே இல்லை.

கேட்க வேண்டியது மிகச் சின்னக் கேள்வி. சுவர் மேலே தளம் வரைக்குமா, ஃபால்ஸ் சீலிங் வரைக்குமா? ஆனால் வர வேண்டிய சொல் 'தளம்'. வேறு சொல் தேடினேன். 'கான்கிரீட்' என்றால் கா. 'கூரை' என்றால் கூ. 'ஸ்லாப்' என்று சொல்லலாமே என்பீர்கள். இரண்டு மெய்யெழுத்து சேர்ந்து வந்தால் நான் வாயே திறப்பதில்லை. 'மேலே வரைக்குமா' என்று கேட்டால் 'ஆமாம், மேலேதான்' என்று சொல்லிவிடுவார்கள், அது எந்த மேலே என்று யாருக்கும் தெரியாது. 'சீலிங்' மட்டும் நாக்கில் தயாராக நின்றது. அதுதான் தப்பான சொல். வாழ்நாள் முழுக்க வேறு சொல் பிடித்துத் தப்பித்தவனுக்கு அன்றைக்குத் தப்பிக்கச் சொல் இல்லை.

"சுவர் மேலே... த... த... த..."

"தண்ணி வேணுமாம் மேடம்" என்றார் கட்டைக்குரல்.

நான் தலையை ஆட்டி மறுத்தேன். "த..."

"தேதியா? கடைசித் தேதி கேக்கறார்" என்றார் இன்னொருவர். சட்டைப் பையில் மூன்று பேனா குத்தியிருப்பார், மூணு பேனா என்றே பெயர். கெட்டவர் இல்லை, உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். இந்த உதவியால்தான் நான் பாதி வாழ்க்கையை அடுத்தவர்கள் முடித்துவைத்த வாக்கியங்களில் ஓட்டியிருக்கிறேன். ஹோட்டலில் கேட்காததைச் சாப்பிட்டிருக்கிறேன். போக வேண்டாத ஊருக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறேன்.

மேடம் உள்ளங்கையைக் காட்டினார். "இருங்க. கேள்வி அவரோடது. முடிக்கறது அவர் வேலை."

பிறகு அவர் செய்தது எனக்குப் புதிது. என் வாயைப் பார்க்கவில்லை, பரிதாபமாகத் தலையை ஆட்டவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, ஒரு கேள்விக்குறியை மட்டும் முதலில் போட்டுவிட்டு, அதற்கு முன்னால் என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவலோடு காத்திருந்தார். கீழே தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்து, நிறுத்தி, மறுபடி எடுத்தது. ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும்.

"...தளம் வரைக்குமா, சீலிங் வரைக்குமா?"

மேடம் தாளைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் இதை எழுதினப்ப இந்த மாடியில ஃபால்ஸ் சீலிங்கே கிடையாது. சீலிங்னா அந்தக் கான்கிரீட்தான். போன வாரம் படத்துல புதுசா ஒண்ணைத் தொங்க விட்டிருக்காங்க. என் வார்த்தை அங்கேயே இருந்திருக்கு, அர்த்தம் மட்டும் மூணடி கீழே இறங்கியிருக்கு." தாளில் அந்த வரியின் கீழே கோடு போட்டார். "என் தப்பு. கவனிச்சிருக்கணும்."

அவர் முகம் சிவந்திருந்தது. அதே சமயம், ஒரு விடுகதைக்கு விடை கிடைத்த சிறுமியின் சந்தோஷமும் அதில் இருந்தது. எந்த அலுவலகத்திலும் ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கட்டைக்குரல் என்னைப் பார்த்த பார்வையில் போர்டு பற்றி எரிந்திருக்கும்.

மறுநாள் ஐந்து பேருக்கும் கூடுதல் விளக்கம் என்று ஒரு தாள் வந்தது. 'கேள்வி: சுவர் தளம் வரைக்குமா, சீலிங் வரைக்குமா? பதில்: மேலே உள்ள கான்கிரீட் தளத்தின் அடிப்பரப்பைத் தொடும் வரை. குழாய்களைச் சுற்றி வெட்டிப் பொருத்துவது உட்பட. விளிம்பு முழுவதும் காற்றுப் புகாமல் அடைப்பது உட்பட.' கேள்வியை நான் கேட்டபடியே போட்டிருந்தார், திக்கல் நீங்கலாக.

வேலை எனக்குக் கிடைக்கவில்லை. மூணு பேனாவுக்குப் போனது. இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். பேசாமல் எப்படி எரிந்து விழுவது என்று என் மனைவியைக் கேளுங்கள், அறைந்து சாத்திய கதவுகளை எண்ணிச் சொல்வாள். "வாயைத் திறந்து கேட்டதுக்கு இதா?" என்று என் மேலேயே ஆத்திரம். மச்சான், "மாமா, நான் வந்திருந்தா அந்தக் கேள்வியைக் கேட்டே இருக்க மாட்டேன்" என்று ஆறுதல் சொன்னான். அந்த ஆறுதல்தான் என்னைக் கொஞ்சம் சமாதானப்படுத்தியது.

மூன்று மாதம் கழித்து மேடத்திடமிருந்து போனில் ஒரு செய்தி. அவர் எனக்குப் போன் செய்வதில்லை, எழுதித்தான் அனுப்புவார். 'பேச்சு நிலையத்தில் சுவர் முடிந்தது. வியாழன் காலை பத்து மணிக்குச் சோதிக்கிறேன். கேள்வி கேட்டவர் வந்து பதிலைப் பார்க்க வேண்டும்.'

போனேன். ஏணி போட்டு, ஃபால்ஸ் சீலிங்கில் ஓர் அட்டையைத் தள்ளிவிட்டு, இடுப்புவரை உள்ளே நுழைந்திருந்தார். டார்ச் வெளிச்சம் மட்டும் மேலே அலைந்தது. இறங்கும்போது தலை முழுக்கத் தூசி. "போய்ப் பாருங்க" என்றார். ஏறிப் பார்த்தேன். சுவர் கான்கிரீட்டைப் போய் முட்டியிருந்தது. குழாயைச் சுற்றி வெட்டிய இடத்தில் நகம் நுழையாது. மூணு பேனா நன்றாகச் செய்திருந்தார். பொறாமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

"பார்வைக்குச் சரி. காதுக்குச் சரியான்னு தெரியணும்" என்றார் மேடம். "மூணாம் நம்பர் ரூமுக்குள்ள போங்க. கதவைச் சாத்திட்டு அஞ்சு நிமிஷம் சத்தமாப் பேசுங்க. நான் வெளியே பெஞ்சுல உக்கார்ந்து கேக்கறேன்."

"என்ன பே... பேச?"

"எதை வேணும்னாலும். அதை நான் எழுதிக் குடுக்க முடியாது."

உள்ளே போனேன். கதவு மூடியது. புதுப் பட்டி வாசனை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு, "ப... பார்ட்டிஷன்" என்றேன். இருபத்தைந்து வருடத் தொழில், அன்றைக்குத்தான் அதன் பெயரைச் சொன்னேன். பட்டி என்றேன். தகடு, கதவு, கான்கிரீட் என்றேன். ஒவ்வொன்றும் முட்டி மோதிக்கொண்டு வந்தது, வரட்டும் என்று விட்டேன். பிறகு குரலை உயர்த்தினேன். கட்டைக்குரலைத் திட்டினேன், பெயர் சொல்லி, அவர் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளும்படி திட்டினேன். பெஞ்சில் இடம் விட்ட அந்த அம்மாளிடம், எனக்கு உங்கள் இடம் வேண்டாம் என்று சொன்னேன். கைக்குட்டைக்காரரிடம் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. ஒரு சுவருக்கு ஒன்றரைப் பக்கமா என்று மேடத்தையும் ஒரு பிடி பிடித்தேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். தொண்டை வறண்டுபோனது.

கதவு திறந்தது. மேடத்தின் முகத்தில் எரிச்சல்.

"என்ன சார் இது? அஞ்சு நிமிஷமாக் காதைத் தீட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கேன். பேசுங்கன்னுதானே சொன்னேன்? ஏன் வாயே திறக்கலை?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

"பே... பேசினேன்."

"எவ்வளவு நேரம்?"

"முழுசா. க... கத்தினேன். உங்களையும் சேர்த்துத்தான்."

அவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். விரல் முட்டியால் ஒருமுறை தட்டினார். அவர் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

"அப்படியா? அப்ப இன்னொரு தடவை பேசுங்க. இந்தத் தரம் சுவத்துல காதை ஒட்ட வச்சுக் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

எல்லாச் சொல்லுக்கும் சரியோ தப்போ ஒரு மாற்றுச் சொல் உண்டு, சொந்தப் பெயருக்கு மட்டும்தான் கிடையாது. யார் கேட்டாலும் அடையாள அட்டையை எடுத்து நீட்டுகிறவன் நான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன்.